சார் சொல்லாத இருபது நாள்

அரியலூரில் நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஒரு நாளைக்கு எப்படியும் இருநூறு தடவை ‘சார்’ காதில் விழும். ‘சார் சார் சார்’ என்று மூன்றாக வந்தால், பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒற்றையாக இழுத்து ‘சாஆர்…’ என்று வந்தால் நாளைக்கு லீவு வேண்டும்.

பஸ்ஸில் கண்டக்டர் “உள்ள போங்க சார்” என்பதில் மரியாதை துளியும் கிடையாது. முதுகில் கை வைத்துத் தள்ளுவதற்குப் பதிலாக அதைச் சொல்கிறார், அவ்வளவுதான். ரோட்டில் இரண்டு வண்டி உரசிக்கொண்டால் பேச்சு “என்ன சார், பாத்து வரக் கூடாதா சார்” என்றுதான் ஆரம்பிக்கும். சார் நின்று ‘யோவ்’ வந்துவிட்டால் நான் என் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன். தாலுகா ஆபீசில் பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தாலும் எங்கள் ஆட்கள் பதற்றத்தில் “சார்” என்றுதான் மனுவை நீட்டுவார்கள். அந்த அம்மாவும் நிமிராமல் வாங்கிக்கொள்வார். என் மனைவி என்னை ‘சார்’ என்றால், அன்றைக்குச் சமையல்கட்டுப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

இப்படித் தெருவெல்லாம் இறைந்து கிடக்கிற ஒரு வார்த்தைக்காக நான் ஒருவரிடம் இருபது நாள் காத்திருந்தேன்.

உடையார்பாளையம் பக்கத்து நிலக்காரர் அவர். அறுபது தாண்டியவர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஒரு புதுக் காரை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தச் செய்துவிட்டான். வைத்திருந்த டிரைவர் திருப்பூருக்குப் போய்விட்டான். சனிக்கிழமை தவறாமல் கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று வீட்டம்மாவின் நச்சரிப்பு. வேறு வழியில்லாமல் என் ஆபீஸ் படி ஏறினார்.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் அப்பா முப்பது வருஷம் அவருடைய வயலில் வேலை செய்தவர். அவரைக் கண்டால் அப்பாவின் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். எங்கள் தாத்தா இவருடைய அப்பாவை ‘ஆண்டை’ என்றார். அப்பா இவரை ‘ஐயா’ என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் “உக்காருங்க சார்” என்றேன். மூன்று தலைமுறையில் நல்ல தூரம்தான் வந்திருக்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கர்வம்.

ஃபாரத்தை நிரப்பும்போது “எந்த ஊரு?” என்று விசாரித்தார். சொன்னேன். யார் மகன் என்றார். அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

“அட, அவன் மவனா நீ!” என்று வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

அதே நேரம் உள்ளே வந்த நான்கு பேர் எனக்கு “குட்மார்னிங் சார்” வைத்தார்கள். அதில் ஒருவர் பேங்க் மேனேஜர். நிலக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. அதற்குப் பிறகு ‘நீ’ வரவில்லை. ‘நீங்க’வும் வரவில்லை. சார் எங்கே வரப்போகிறது?

ஒரு மனிதரைக் கூப்பிடாமலே அவரோடு பேசும் வித்தையை அந்த இருபது நாளில்தான் நான் பார்த்தேன். காலையில் வந்ததும் “கெளம்பலாமா?” என்பார். டீக்கடையில் நிறுத்தினால் “டீ சாப்பிட்டாச்சா?” என்பார். சாப்பிட்டது யார் என்பது டீக்கு மட்டுமே தெரியும். போனில் “ஹலோ… நான்தான்… நாளைக்கு உண்டா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றால் தொண்டையைக் கனைப்பார். அதுவும் கேட்கவில்லை என்றால், வெயிலில் நடந்து என் பக்கத்தில் வந்து நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு “அப்ப சரி” என்பார். அவருடைய போனில் என் நம்பர் ‘கார் ஸ்கூல்’ என்றுதான் இருந்தது. எட்டிப் பார்த்தேன், பார்த்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

நானும் லேசுப்பட்டவனில்லை. வாக்கியத்துக்கு ஒரு சார் போட்டேன். “கிளட்ச் சார். மெதுவா சார். கியர மாத்துங்க சார்.” ஒன்றாவது திரும்பி வராதா என்றுதான். வரவேயில்லை.

தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்பாள். “இன்னிக்காவது சொன்னாரா சார்?”

“இல்ல.”

“நான் வேணா இன்னும் நாலு தடவ சொல்லட்டுமா?”

அவளுக்கு வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. அப்பா கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர் காது பட ஒருநாள் அந்த மனிதர் என்னை சார் என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்பாவோ “அவரு எதுக்குடா சொல்லணும்? ஒழுங்கா வண்டியச் சொல்லிக்குடு” என்று முடித்துவிடுவார்.

பதினான்காவது நாள் கல்லங்குறிச்சி ரோட்டுக்கு அவரைக் கூட்டிப் போனேன். வளைவில் சிமெண்ட் லாரி ஒன்று ரோட்டின் நடுவிலேயே வந்தது. அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராக அதை நோக்கியே போனார். எல்லாரும் அந்த இடத்தில் ‘சார் சார் சார்’ என்பார்கள். நானும், சொன்னால் வெட்கக்கேடு, அந்த ஒரு நொடியில் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அவர் என் அப்பாவின் பெயரைச் சொல்லி அலறினார்.

என் பக்கத்து பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். லாரிக்காரன் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஏதோ வசவைப் போட்டுவிட்டுப் போனான். வண்டி வேலிக்கருவைப் புதரோரம் நின்றது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“வாயில வந்துருச்சு” என்றார்.

“அப்பா வர மாட்டாரு சார். பிரேக் ஒங்க காலுக்குக் கீழதான் இருக்கு” என்றேன்.

அன்று வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அப்பா முதலில் கேட்டது, “ரொம்ப பயந்துட்டாரா?” என்றுதான். பிறகு மெதுவாகச் சிரித்தார். “மாடு மெரண்டாலும் என்னையத்தான் கூப்புடுவாரு. மோட்டார் ஓடலன்னாலும் என்னையத்தான். கூப்புட்டா ஓடுனவன் நாந்தானே? வேற யாரு பேருடா வரும்?”

அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவின் மேலே கோபம் வந்தது. அந்த மனிதர் மேலே அதைவிட அதிகமாக வந்தது.

ஆனால் அன்றிலிருந்து மனிதர் நன்றாக ஓட்டினார், அதையும் சொல்ல வேண்டும். காலைப் பார்த்துப் பார்த்து பிரேக் போட்டார். இடையில் விட்ட நாளெல்லாம் கழித்து இருபதாவது வகுப்பு நாளில் டெஸ்ட். பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்து, “நல்லா ஓட்டுறீங்களே, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார். நான் கதவை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன். மனிதர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தாடையால் என் பக்கம் காட்டி “இங்கதான்” என்றார்.

இங்கதான்! நான் என்ன, ஒரு ஊரா?

வீட்டில் போய்ப் பொருமினேன். “வுடுங்க சார்” என்றாள் மனைவி.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் குளியலறை வாசலை ஒட்டியது. தெருவில் ஒரு கார் வந்து, உறுமி, அணைந்தது. திரும்பக் கிளம்பி மறுபடி அணைந்தது. கிளட்சை அப்படிச் சட்டென்று விடுகிறவர் அரியலூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான்.

அப்பா வேலை பார்த்த காலத்தில் அவர் இதே தெருவின் முனையிலேயே நின்று குரல் கொடுப்பார். அப்பா ஓடுவார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. இப்போது கார் கதவு வாசலில் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வெளியே போனார்.

கனைப்பு வந்தது. பிறகு அமைதி. அந்த அமைதி எனக்குப் பழக்கம். மனிதர் வார்த்தை தேடுகிறார். அப்பாவிடம் கேட்பது சுலபம். “ஒம் மவன் எங்க?” என்றால் முடிந்தது. ஆயுசு முழுக்க அப்படித்தான் பேசியிருக்கிறார். நான் குவளையை அப்படியே வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“லைசென்ஸ் வந்துருச்சு” என்றார். “சார் வூட்ல இருக்காரா?”

நான் பிறந்ததிலிருந்து என்னை ‘டேய்’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாத என் அப்பா, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

“சார் குளிக்கிறாரு. உள்ள வந்து உக்காருங்க.”

‘உக்காருங்க’வுக்குப் பிறகு ஒரு ‘ஐயா’ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. இன்னொன்றும் இழுபட்டது. இரண்டும் சேர்ந்து கிரீச்சிட்டன.

எனக்குச் சந்தோஷம்தான். குளித்து முடித்து வெகு நேரமாகியிருந்தும் இன்னும் ஒரு குவளை எடுத்து, வெளியே கேட்கும்படி, தலையில் ஊற்றிக்கொண்டேன். இன்னொன்றும் ஊற்றினேன்.

கதவு தட்டப்பட்டது.

“டேய்,” என்றார் அப்பா மெதுவான குரலில், “வெளிய வாடா. எவ்வளவு நேரம்தான் நான் அவரு பக்கத்துல உக்காந்திருக்கறது?”