வலது இன்ஜினும் எங்கள் கண்மாய்க்கரை அய்யனாரும்

என் வீட்டுக்காரர் வானத்தில் இருந்தார். அவர் ஓட்டிக்கொண்டிருந்த விமானத்தின் இரண்டு இன்ஜின்களிலும் இருக்க வேண்டிய இரண்டு செம்பு வாஷர்கள் தரையில், என் உள்ளங்கையில் இருந்தன. அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் கண்மாய்க்கரை அய்யனார் கோயில் வாசலில், பொங்கல் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கற்பூரம் ஏற்றலாம் என்று பைக்குள் கையை விட்டு எடுத்த பொட்டலத்தில்தான் அவை இருந்தன. கற்பூரம் வேறு பொட்டலம்.

அய்யனாரைக் கும்பிடுகிற என் சொந்தங்களே, நான் எழுதுகிறவள் இல்லை. ஸ்பேனர் பிடிக்கிற கை இது. ஆனாலும் எனக்கு நடந்ததை நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷமாக மனசு அடித்துக்கொள்கிறது. என் தப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை மறைத்துவிட்டு அவர் செய்ததை மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான்.

என் பெயர் மலர்விழி. ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலை. அங்கே நான் விமானங்களைப் பழுது பார்ப்பேன். என் வீட்டுக்காரர் கதிரேசன் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பார். அவருக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் கம்மி, வாய் ரொம்ப ஜாஸ்தி. "பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா மத்தவனுக்குச் சோத்துல உப்பு கொறையும். எனக்கு இன்ஜின்ல நட்டு கொறையும். அதான் பயந்து நடக்குறேன்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அது ஒருநாள் நிஜமாகவே நடக்கும் என்று யார் கண்டது?

எங்கள் பள்ளியில் இரண்டு இன்ஜின் விமானம் ஒன்று இருக்கிறது. ஒரு இன்ஜின் போனாலும் மற்றது கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பதுதான் அதில் உள்ள தைரியம். ஆனால் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்தால், ஒரு பக்கம் செய்த தப்பையே மறுபக்கமும் செய்துவிடுவார். அப்புறம் இரண்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் விமானம் நிறுத்திப் பழுது பார்க்கிற எங்கள் ஹேங்கரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு இன்ஜினுக்கு நான், அடுத்ததற்கு நூர் அண்ணன். அவர் ஜெகதாப்பட்டினத்துக்காரர். விசைப்படகு இன்ஜின் சத்தத்திலேயே வளர்ந்தவர். கூடப் பிறக்காத அண்ணன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆனி மாதம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊரில் காப்புக் கட்டு. பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்ததால், காப்புக் கட்டுவதற்குள் நான் ஊர் எல்லைக்குள் வந்தாக வேண்டும். கட்டிய பிறகு பொங்கல் முடிகிறவரை எல்லையைத் தாண்டக் கூடாது. அன்று காலையில்தான் அந்த விமானத்துக்கு ஆயில் மாற்றுகிற வேலை வந்து சேர்ந்தது. நூர் அண்ணன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், மறுநாள்தான் வருவார். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தை அவருக்கு விட்டிருக்கலாம். விடவில்லை. பாதியில் போட்டுப் போகிறாளே என்று பேச்சு வரும் என நினைத்து இரண்டையும் நானே செய்தேன். சாமி காரியம், ஒன்றும் ஆகாது என்று மனசுக்குச் சமாதானம் வேறு.

ஆயில் வடிக்கிற இடத்தில் ஒரு மூடி இருக்கும். அதை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பழைய செம்பு வாஷரை எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி சரியாக அடைக்காது. ஸ்டோரில் புதியதாக இரண்டு வாங்கிப் பொட்டலத்தோடு சட்டைப் பையில் போட்டேன். போட்டது போட்டதுதான். பழையது மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் அப்படியே திருப்பி முடுக்கினேன். ஒரு பக்கம் அப்படி. மறுபக்கமும் அச்சு அசலாக அப்படியே. தரையில் நிறுத்தி இன்ஜினை ஓட்டிப் பார்க்கிற வேலையை நூர் அண்ணனுக்கு எழுதி வைத்தேன். உடை மாற்றும்போது சட்டைப் பையில் கிடந்ததை எல்லாம் அள்ளிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

அன்று சாயங்காலம் காப்புக் கட்டிக்கொண்டு அய்யனார் முன்னால் கும்பிட்டேன். மறுநாள் என் வீட்டுக்காரர் ஒரு மாணவியோடு எங்கள் ஊர் வழியாகக் கடற்கரை வரை பறந்து திரும்புவதாக இருந்தது. "நீ பொங்க வைக்கிற நேரத்துக்குத் தலைக்கு மேல வாரேன், அண்ணாந்து பாரு. ஒங்க அய்யனாருக்கும் ஒரு வணக்கம் வச்சிட்டுப் போறேன்" என்று போனில் கிண்டல் செய்திருந்தார். அதனால் "போறவுக நல்லபடியா வந்து சேரணும் சாமி" என்று ஒரு வரிதான் வேண்டினேன். அந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலை. மைக்கில் பாட்டு அலறுகிறது. ஆத்தா பானைக்கு மஞ்சள் கட்டுகிறாள். நான் கற்பூரம் எடுக்கக் கையை விட்டேன், வாஷர் வந்தது.

போனை எடுத்தால் நூர் அண்ணனிடமிருந்து மூன்று அழைப்புகள், நான் கவனிக்காமல் விட்டவை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்மாய்க் கரை மேல் ஏறி அவரைக் கூப்பிட்டேன்.

"மலரு, ஒண்ணுமில்லம்மா. காலைல ஓட்டிப் பாத்தேன், எடது பக்கம் ஆயில் கசிஞ்சுச்சு. பழைய வாஷர் கெடந்துச்சு, மாத்திட்டேன். வலது காஞ்சுதான் இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அண்ணே, ரெண்டு புது வாஷரும் என் கையில இருக்குண்ணே."

அங்கிட்டு யாரிடமோ நேரம் கேட்டார். பிறகு மெதுவாக, "ப்ளேன் ஏறிருச்சும்மா. அரை மணி நேரமாச்சு. இரு, ரேடியோவுல சொல்லச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அவர் ஓடுகிற செருப்புச் சத்தம்தான் கடைசியாகக் கேட்டது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர். யாரோ பெற்ற பெண் பிள்ளை. இருவரையும் நானே என் கையால் அனுப்பிவிட்டேனே என்று நெஞ்சு வெடித்தது. பஸ் ஏறி ஓடிவிடலாம் என்று எழுந்தேன். ஆத்தா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காப்புக் கட்டிட்டு எங்கிட்டுடி போற? நீ போயி வானத்துலயா ஏறப்போற? ஒக்காந்து அவனக் கேளு."

அப்போது சத்தம் கேட்டது. இரண்டு இன்ஜின் சேர்ந்து ஓடினால் அந்தச் சத்தத்தில் ஒரு ஏற்ற இறக்கம் இருக்கும். இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற மாதிரி. எங்கள் விமானத்துக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு, தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன். அன்று அது இல்லை. ஒரே இழுப்பாக, ஒற்றை இன்ஜின். விமானம் கண்மாய்க்கு மேல் வந்தது, கடல் பக்கம் போகவில்லை. பெரிதாக ஒரு வளைவு எடுத்து வடக்கே திரும்பியது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கை தட்டிக் கூச்சல் போட்டார்கள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. வலது போய்விட்டது. இனி இடது ஒன்றுதான்.

நான் கரையிலிருந்து இறங்கி ஓடி அய்யனாருக்கு முன்னால் விழுந்தேன். மந்திரம் எல்லாம் வரவில்லை. "அய்யா, தப்பு என்னுது. எம்மேல கோவம்னா என்னைய என்ன வேணாலும் செய்யி. அந்த ரெண்டு பேரையும் தரையில எறக்கிக் குடு. எனக்கு ரெண்டு இன்ஜின் வேணாம், ஒண்ணு போதும். அந்த ஒண்ண நிக்க விடாத. ஒனக்கு ஒரு குதிரை எடுத்து வைக்கிறேன்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுதேன். வாஷர் இரண்டையும் அவர் காலடியில் வைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அய்யனார் சிரித்த முகமாக மீசையோடு உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கோபம்கூட வந்தது.

என் பானை பொங்கி வழிந்தது. பெண்கள் எல்லாம் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் என் போன் அடித்தது. என் வீட்டுக்காரர் பெயர். காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. "சொல்லுங்க! சொல்லுங்க!" என்று கத்துகிறேன். குலவை அடங்கினதும் அவர் குரல் வந்தது.

"ஏன்டி இப்பிடி மூச்சு வாங்குற? பொங்கல் பொங்கிருச்சா?"

அய்யோ, அந்த நிமிஷத்தை நான் என்னவென்று எழுத! தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், ஆத்தாவைக் கட்டிப் பிடித்தேன். "எறங்கிட்டாகளாம்! எறங்கிட்டாகளாம்!" என்று கத்தினேன். ஒன்றும் புரியாமலே கூட்டம் மறுபடி ஒரு குலவை போட்டது.

பக்கத்து விமான நிலையத்தில் ஒற்றை இன்ஜினில் பத்திரமாக இறங்கியிருந்தார்கள். அவர் சொன்னது இது. ரேடியோவில் தகவல் வந்த அதே நேரத்தில் வலது பக்க ஆயில் முள் விழ ஆரம்பித்திருக்கிறது. அந்த இன்ஜின் இறுகிப்போவதற்குள் அணைக்க வேண்டும். பதற்றத்தில் மாணவியின் கை இடது லிவருக்குப் போயிருக்கிறது. நல்ல இன்ஜினை அணைத்துவிட்டால் கதை முடிந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்து, "அவசரமே இல்லம்மா. லிவர் மேல கைய மட்டும் வையி, இழுக்காத. எந்தப் பக்கம்னு வாய்விட்டுச் சொல்லு. ரெண்டு பேரும் பாத்துட்டு இழுப்போம்" என்றிருக்கிறார். "வலது" என்று அவள் சொல்ல, "வலது" என்று இவர் சொல்ல, அதன் பிறகுதான் இழுத்தார்கள். விமானத்தில் அவசரம் என்று வந்தால் முதலில் நிதானம்தான் வேண்டும் என்று அவர் எப்போதும் பாடம் எடுப்பார். தரையில் நின்ற எனக்குத்தான் அது ஏறவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தப்பு. இரண்டும் சேர்ந்து காற்றில் கசிந்திருந்தால்? இடது மட்டும் தரையில் இருக்கும்போதே ஏன் கசிய வேண்டும்? கல்யாண அலுப்போடு இருந்த நூர் அண்ணன் ஏன் அன்று சீக்கிரம் வர வேண்டும்? கேட்டால், விடிகாலை சுபுஹு தொழுகை முடித்து வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை, வந்துவிட்டேன் என்கிறார். நான் காலடியில் விழுந்து கதறுவதற்கு முன்பே, முதல் நாள் சாயங்காலம் கேட்ட ஒரு வரிக்கே பதில் வந்துவிட்டது. நான்தான் லேட்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் கார் பிடித்து ஊருக்கு வந்துவிட்டார். வந்ததும் என் கையிலிருந்த மஞ்சள் காப்பைத் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒங்க அய்யனாரு குதிரைலதான் வருவாருன்னு நெனச்சேன். நூர் அண்ணன் பைக்குல வந்திருக்காரு" என்றார். சிரித்தார். ஆனால் கண் நிறைந்திருந்தது.

நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். சில வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், மறுபடி பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் கருணைதான். நூர் அண்ணனும், "ஒரு பக்கம் பழுது பாத்த ஒடனே மறுபக்கத்தையும் தெறந்திருக்கணும். ஒரே கை செஞ்ச வேலைதானே" என்று தன் பங்கை எழுதிக் கொடுத்தார். இப்போது எத்தனை அவசரம் என்றாலும் ஒரு கைக்கு ஒரு இன்ஜின்தான். என் வேலையை அவர் பார்ப்பார், அவர் வேலையை நான் பார்ப்பேன். ஸ்டோரில் வாங்கியது மிச்சம் இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவாமல் நான் ஹேங்கரை விட்டு வெளியே வருவதில்லை.

இந்த வருஷம் புரவி எடுப்பு, அய்யனாருக்கு மண் குதிரை தூக்கிவந்து வைக்கிற திருவிழா. குதிரை செய்யக் கண்மாயில் அள்ளிய பிடிமண்ணை, மண்பாண்டம் வனைகிற வேளாரிடம் கொடுக்கப் போனோம். நான் நேர்ந்தது ஒரு குதிரை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் திடீரென்று, "எம் பேருல ஒண்ணு" என்றார். நான் வாயைப் பிளந்தேன். சரி, இரண்டு. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது.

"ரெண்டையும் நீங்களே செய்யக் கூடாது. ஒண்ணு நீங்க, ஒண்ணு அக்கா" என்று வேளாரின் மனைவியைக் காட்டினேன்.

வேளார் முறைத்தார். "சோடிக் குதிரைன்னா ஒரே கையி செஞ்சாத்தாம்மா அழகு."

"அழகு வேணாம்ணே. ஒண்ணாவது வந்து சேரணும்."

அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். சொன்னபடியே ஆளுக்கொன்று செய்தார்கள். சூளை பிரித்த அன்று போன் வந்தது. வேளார் செய்த குதிரை நெஞ்சில் வெடித்திருந்தது. அக்கா செய்தது கீறல் இல்லாமல் நின்றது. "முப்பது வருஷத்துல எனக்கு இப்பிடி ஆனதில்ல" என்று வேளார் வருத்தப்பட, பின்னால் அந்த அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. வெடித்தது என் வீட்டுக்காரர் பேரில் நேர்ந்தது. அவருக்கு வேளார் வேறொன்று செய்துகொண்டிருக்கிறார், அடுத்த எடுப்புக்கு வரும்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கலாம். உடம்போ, தொழிலோ, உறவோ. இன்னும் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை அணைத்துவிடாதீர்கள். சாமியிடம் நிதானமாகக் கேளுங்கள், ஒரு வரி போதும். கேட்டுவிட்டு உங்கள் வேலையை இன்னொருவர் கண்ணுக்கும் காட்டுங்கள். அய்யனார் அந்தக் கண் வழியாகவும் வருவார்.

எடுப்பு அன்று எங்கள் ஒற்றைக் குதிரையைத் தோளில் தூக்கிய நால்வரில் என் வீட்டுக்காரரும் ஒருவர். நூர் அண்ணன் குடும்பத்தோடு சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கண்மாய்க் கரையில் குதிரையை இறக்கி வைத்ததும், என் வீட்டுக்காரர் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கிற மாதிரி அதை ஒரு சுற்றுச் சுற்றினார். காலைத் தடவினார், வாலைத் தட்டினார். பிறகு அய்யனாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒண்ணுலயே வந்து எறங்கிட்டோம்யா."