கண்ணாடி மேல் விழுந்த வெளிச்சம்

எங்கள் வீட்டுச் சுவரில் அக்காவின் படம் என்று மாட்டியிருந்ததில் இருந்தது என் முகம்.

அக்கா செத்துப்போனபோது நாங்கள் மலைமேல் கரியாலூரில் இருந்தோம். கடைப் பலகை, டிராக்டர் டிரெய்லர், பள்ளிக்கூடச் சுவர் என்று எது கிடைத்தாலும் பெயிண்ட் அடிப்பவர் அப்பா. அருவி பார்க்க வந்த யாரோ ஒருவர், பச்சைப் பாவாடையோடு துணி அலசிக்கொண்டிருந்த அக்காவைக் கேட்காமல் கொள்ளாமல் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்த மாதமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், ஜீப் மலையை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அப்போது பலரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் திருவிழாவில் போய் எடுத்துக்கொள்வார்கள். அம்மா மட்டும் அன்றோடு அதை முழுசாக நம்பிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கிற நாளில் என்னை அனுப்ப மாட்டாள். பிறகு நான் பள்ளிக்கூடம் போவதே நின்றுபோனது. அதற்குக் காரணம் வேறு.

அக்காவின் ஒரே போட்டோ ஊர் பேர் தெரியாத யார் வீட்டிலோ கிடந்தது. எங்களிடம் ஒன்றும் இல்லை. கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்த பிறகு அப்பா அவளை வரைய உட்கார்ந்தார். பாவாடை வந்தது, பின்னல் வந்தது, கை வந்தது. முகம் மட்டும் வரவில்லை. அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே நைந்துபோனது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு உரல்மேல் உட்கார வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சாடைதானே," என்றார், எனக்குச் சொல்வதுபோல் அம்மாவுக்கு.

காலை ஆட்டாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் வந்துபோகிறவர்கள் எல்லாம், "உன்ன மாதிரியே கீறாடி உங்கக்கா," என்பார்கள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ரெண்டு மழைக்காலத்தில் சுவரின் ஓதம் படத்தில் ஏறிவிட்டது. சாயம் பொருக்குப் பொருக்காக எழும்பி, படத்துக்குப் போட்டிருந்த கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அடுத்த மழைக்குத் தாங்காது, அதற்குள் இதைப் போட்டோ எடுத்து வைத்துவிட வேண்டும் என்றார் அப்பா. அம்மா வேண்டாம் என்றாள். பல நாள் சண்டை. ஒரு நாள் அப்பா, "அவள மறந்துட்டியாடி நீ?" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஸ்டுடியோ அண்ணன் ரெண்டு கேமராவோடு வந்தார். ஒன்று பெரியது, முக்காலியில் நிற்பது, கறுப்பு வெள்ளை. இன்னொன்று கைக்கு அடக்கமானது; கலர் ஃபிலிம், தலையில் ஃப்ளாஷ். அப்பாவுக்குப் பெரியதன் மேல்தான் கண்.

"அதான் சரிண்ணே," என்றார் ஸ்டுடியோ அண்ணன். "கண்ணாடியக் கழட்டிட்டு வாசல்ல நெழலா வெச்சி எடுத்தா மூஞ்சி பளிச்சுனு வரும். சின்னதுல கலரு வரும். ஆனா வூட்டுக்குள்ள எடுத்தா ஃப்ளாஷ் போடணும். கண்ணாடி மேல பட்டுதுன்னா வெள்ளையா அடிச்சிடும்."

கதவோரம் நின்ற அம்மா கேட்டாள். "எங்க அடிக்கும் தம்பி?"

"நேரா எடுத்தா நடுவுலதாங்கா. மூஞ்சி மேலயே வுழும்."

அம்மா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். "கலருலயே எடு. பாவாட பச்சையாத் தெரியணும்."

"பாவாடைக்கா படம் எடுக்கறோம்?" என்றார் அப்பா. "மூஞ்சிதான்டி வேணும்."

"கண்ணாடியக் கழட்டினா சாயம் அதோட பேந்துகினு வந்துடும். செத்தவ படத்த வாசலுக்கும் கொண்டார வேணாம். மாட்டுன எடத்துலயே எடுக்கட்டும்."

"சைடுல நின்னு எடுக்கட்டுமாக்கா? வெளிச்சம் ஒதுங்கிடும்."

"கோணலா இன்னாத்துக்கு? நேரா எடு தம்பி."

அப்பா வாதாடிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. சாயம் பேர்ந்துவிடும் என்பது பெயிண்ட் அடிக்கிற அவருக்கே தெரியும்.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிள்ளை நான், இன்றைக்கும் அப்படித்தான். பாவாடை அக்காவுடையது, முகம் என்னுடையது. ஆயுசு குறைந்தால் யாருக்குக் குறையும்? போனவளுக்குக் குறைய இனி என்ன இருக்கிறது? இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. இந்த வீட்டில் இப்படி யோசிக்கிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன். ஃப்ளாஷ் அடித்தபோது அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கண் கூசும் என்று செய்கிறாளாக்கும் என்றிருந்தேன்.

படம் வந்தது. பாவாடை அசல் பச்சை. பின்னல் இருந்தது, கை இருந்தது. கழுத்துக்கு மேலே வெள்ளையாக ஓர் உருண்டை. அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார். இன்னொரு முறை எடுக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை. அந்த மழையில் வரைந்த படமும் உதிர்ந்துவிட்டது.

அம்மா அழவில்லை. போட்டோவைச் சுவரில் மாட்டி, அந்த வெள்ளையின் நடுவில், நெற்றி இருந்திருக்க வேண்டிய இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் குங்குமம் வைத்தாள். அப்புறம் என்னைக் கிட்டே இழுத்து, ரெண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றியோரத்தில் நெட்டி முறித்தாள். விரல்கள் படபடவென்று சொடுக்கின.

பாவம், அம்மாவுக்கு எந்தக் கேமரா என்று பார்த்துச் சொல்லத் தெரியவில்லை என்று அன்று அவள்மேல் இரக்கப்பட்டேன்.