மலையில் பதினோரு பேருக்கு ஒரே போன்

கல்வராயன் மலைப் பிள்ளைகள் பதினோரு பேருக்குக் கிடைத்த உதவித்தொகை ஒரே நாளில் ரத்தானது. தப்பு என்னுடையது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான். அரசு வேலைக்குப் போய் ஊருக்கு உழைக்க நினைக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை படிப்புச் செலவைத் தருகிறது. விண்ணப்பம் வாங்கிச் சரிபார்ப்பது என் வேலை. தாலுகா ஆபீசில் ரிட்டயராகி, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வந்து மாட்டிக்கொண்டேன். இந்தத் தொழிலில் உதவி செய்வது சுலபம். உதவி கேட்டு வருகிறவனிடம் ஒரு படிவத்தை ஒழுங்காக வாங்குவதுதான் கஷ்டம். ஆன்லைனில் எதற்காவது விண்ணப்பித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

யார் கனவு?

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ஏன் பொதுச்சேவைக்கு வர விரும்புகிறீர்கள்? தியாகதுருகத்திலிருந்து வந்த ஒன்பது பேரும் ஒரே பதில் எழுதியிருந்தார்கள். "ஏழை எளிய மக்களின் கண்ணீரைத் துடைப்பதே சிறு வயது முதல் என் கனவு." ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஒன்பதாவது ஆளை நிறுத்தி, "இது யார் கனவுடா?" என்றேன்.

அவன் கொஞ்சமும் பயப்படவில்லை. "பிரவுசிங் சென்டர் அண்ணனோடது சார். என்னோடத டைப் பண்ண டைம் ஆவும்னாரு."

முதல் கேஸ்

கச்சிராயபாளையத்திலிருந்து கரும்பு விவசாயி ஒருவர் மகளோடு வந்தார். பெண்ணுக்கு வனத்துறையில் சேர ஆசை. அப்பாவுக்கு டீச்சர் வேலைதான் வேலை. படிவத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"ஃபாரஸ்ட்டுல சேந்தா இன்னாங்க பிரயோஜனம்? நம்ம கரும்புல பன்னி பூந்தா இதுவே வந்து தொரத்துமா?"

"தொரத்த மாட்டேன்ப்பா," என்றாள் மகள். "நீ வேலியில கரண்டு வுட்டீன்னா மொத கேஸு உன் மேலதான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். மனிதர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மீசையைத் தடவிக்கொண்டு பேனாவைத் திறந்தார். "பாத்தீங்களா சார், இப்பவே ஆபீசர் மாதிரி பேசிக்கினு கீது. எங்க கையெழுத்து?"

எடுக்கிற நம்பர்

இனி என் தப்பு. விண்ணப்பம் கொடுத்தவர்களுக்குப் போன் செய்தால் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் மலைப் பிள்ளைகள் பதினோரு பேரும் சேர்ந்து வந்தார்கள். "கூப்பிட்டா எடுக்கிற நம்பரா எழுதுங்க. எடுக்கலைன்னா கிழிச்சுப் போட்டுடுவேன்" என்று கத்தினேன்.

ஆளுக்கு ஒரு போன் இருந்தது. ஆனால் அவர்கள் ஊரில் சிக்னல் வருவது ஒரே இடத்தில், வெள்ளிமலை ரோட்டு வளைவில் இருக்கும் டீக்கடையில். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள். பதினோரு பேரும் டீக்கடை நம்பரை எழுதினார்கள். உதவித்தொகைக்குத் தேர்வான பிறகுதான் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. பதினோரு பேரும் ஒரே ஆள், மோசடி, ரத்து.

தலைமை அலுவலகத்தில் சண்டை போட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் இறங்கி வந்தார்கள்: ஆளுக்கொரு சொந்த நம்பர், அதற்கு வரும் ஓ.டி.பி., அன்றே ஐந்து மணிக்குள் கொடுத்தால் ரத்து நீங்கும். பிள்ளைகளோ லீவில் மலையில். டீக்கடைக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே கடைக்காரப் பெண் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எடுக்கிற நம்பரு கேட்டது நீங்க. எடுக்கிறது நானு. தண்டனை மட்டும் அதுங்களுக்கா? நல்லாக்கீது சார் உங்க ஆபீசு. போனை வைங்க, புள்ளைங்கள இட்டாறேன்."

நாலரை பஸ்

நாலு மணிக்குப் பத்துப் பேர் கடை முன்னால் நின்றார்கள். நான் இங்கே ஒவ்வொரு நம்பராகத் தட்ட, அங்கே அவரவர் போனில் வந்த ஓ.டி.பி.யை அவள் தன் போனில் எனக்குப் படித்தாள். நடுவில், "டேய், தள்ளி நில்லுடா, சிக்னல மறைக்காத!" என்று யாரையோ விரட்டினாள். பத்துப் பேர் முடிந்தது.

பதினோராவது செல்வி. நர்சிங் இரண்டாம் வருடம். படித்து முடித்து மலையிலேயே கிராம நர்ஸாக வர நினைத்தவள். ரத்து என்றதுமே அவள் அப்பா, படித்தது போதும் என்று சொல்லிவிட்டார். குடும்பமே மிளகு பறிக்கக் கேரளாவுக்குக் கிளம்பி, நாலரை பஸ்ஸில் ஏறிவிட்டது என்றாள் கடைக்காரப் பெண். வளைவைத் தாண்டினால் மலை இறங்கும்வரை சிக்னல் கிடையாது. இறங்குவதற்குள் மணி ஐந்தைத் தாண்டிவிடும்.

நாலு ஐம்பதுக்குப் போனில் ஹாரன் அலறியது. பிரேக் சத்தம்.

"இன்னாம்மா, நடுரோட்டுல வந்து நிக்கிற? நவுரு!" இது கண்டக்டர்.

"அஞ்சு நிமிசம் நின்னா உன் பஸ்ஸு கரஞ்சிடாது. ஏய் செல்வி, எறங்குடி! போனை எடு!"

செல்வி நம்பரைச் சொன்னாள். தட்டினேன். ஓ.டி.பி. வரவில்லை. மறுபடி தட்டினேன். நாலு ஐம்பத்தாறு. அங்கே இன்ஜினைக்கூட அணைத்துவிட்டார்கள். பிறகு செல்வியின் குரல், ஒவ்வொரு எண்ணாக ஆறு எண். திரையில் பச்சை விழுந்தது.

"ஆச்சு!" என்று கத்தினேன்.

பஸ்ஸில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். செல்வியின் அப்பா போனை வாங்கி, "ஃபீஸு முழுக்க நெசமா குடுப்பாங்களா சார்?" என்றார். முழுக்க, கடைசி வருடம் வரைக்கும் என்றேன். அங்கே யாரிடமோ, "முழுக்கத் தராங்களாம்" என்றார். கண்டக்டர் குரல் குறுக்கே வந்தது: "அப்புறம் இன்னா யோசனை? நர்சம்மா பெட்டிய எறக்கு அண்ணே, மலைக்கு ஒரு ஊசி போடவாவது ஆளு வோணும்ல?"

நாற்பது வருடம் தாலுகா ஆபீசில் ஃபைல் பார்த்த நான் செய்துவைத்த குளறுபடியை ஒரே மதியத்தில் சரிசெய்தவர், வாழ்நாளில் எந்த அரசு வேலைக்கும் மனுப் போடாத, வெள்ளிமலை ரோட்டு டீக்கடை அஞ்சலை.