இரட்டைக்குழல் வாங்கப் போன சனிக்கிழமை

எனக்குச் சந்தேகக் குணம். பாரிஸில் ரூ காய் தெருத் தமிழ்க் கடைகளில் கத்தரிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் புழு ஓட்டை தேடுவேன். அப்படிப்பட்டவளிடம் வந்து என் கணவர், "வேட்டைக்குப் போகப்போறன்" என்றால் என்ன நினைப்பேன்? யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாரிஸ் புறநகர் லா கூர்னெவில் கிடங்கு வேலை, ஞாயிறு பூசை முடிந்தால் சோற்றைத் தின்றுவிட்டுப் படுக்கை. இந்த மனிதருக்குத் திடீரென்று கௌதாரி சுட ஆசை வந்தது எங்கிருந்து?

ஒருத்தியும் இல்லை. கிடங்கின் பொறுப்பாளர், ஒரு பிரெஞ்சுக்காரர், கூப்பிட்டிருந்தார். பாரிஸுக்குத் தெற்கே அறுத்த கோதுமை வயல்களில் நாய்களோடு நாள் முழுக்க நடப்பார்களாம். இவர் அதற்கென்று படித்து, பரீட்சை எழுதி, வேட்டைப் பெர்மி என்கிற அனுமதிப் பத்திரமும் எடுத்துவிட்டார். துவக்கு ஒன்றுதான் மிச்சம்.

துவக்கு எங்கள் வீட்டில் புழங்காத சொல். நான் மன்னாரில் சிறுமியாக இருந்தபோது, எங்கள் சந்தியில் வைத்து என் அண்ணனைச் சுட்டார்கள். யார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. பிறகு பாரிஸ் மாப்பிள்ளை பேசி வந்தபோது என் சார்பில் ஒரே ஒரு கேள்விதான் போனது. மாப்பிள்ளை எப்போதாவது துவக்குத் தொட்டவரா? மாப்பிள்ளை வீட்டார் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் இடையில் வயல் செய்த குடும்பம். இல்லை என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் விமானம் ஏறினேன்.

அதனால், அவர் துவக்கு வாங்கப் புறப்பட்ட சனிக்கிழமை நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன்.

துவக்குக் கடைக்காரர் முதலில் ஒரு புதுத் துவக்கை எடுத்து நீட்டினார். குழல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. பிடியின் மரம் பளபளவென்று மின்னியது, விலையோ கொள்ளை மலிவு. எனக்கு அந்த மினுக்கம் பிடிக்கவில்லை.

"இது ஏன் மலிவெண்டு கேளுங்கோ."

"சும்மா இரும்," என்று அடிக்குரலில் சொன்னார் கணவர். ஆனால் அவரும் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பாரம். நாள் முழுக்க இதைச் சுமக்கேலாது."

அடுத்து வந்தது ஸ்பெயினில் செய்த பழைய துவக்கு. பக்கம் பக்கமாக இரண்டு குழல், இரண்டு விசை, கறுத்த மரம். கையில் வாங்கியதுமே அவர் முகம் மாறியது. முதல் குழலில் சன்னம், அந்தச் சின்ன ஈயக் குண்டுகள், பரந்து போகும், பறவை கிட்டத்தில் எழும்பினால் அது. தூரப் போய்விட்டால் ஒடுங்கிப் போகிற இரண்டாவது குழல் என்று எனக்கு விளக்கினார். பெர்மி வகுப்பில் படித்திருப்பார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

விலையும் எங்கள் கைக்கு எட்டியது. அதுவே எனக்கு உறுத்தியது. "ஆர் வித்தது? ஏன் வித்தவர்?" என்று நச்சரித்தேன். கிழவர் ஒருவர் இறந்து, மகள் கொண்டுவந்து கொடுத்தாளாம். கடைக்காரர் சொன்னதில் பாதியைத்தான் நம்பினேன்.

அப்போதுதான் அதைக் கண்டேன். என் கணவர் குழல்களை மரத்திலிருந்து கழற்றினார். அடியிலுள்ள கொக்கியை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிட்டு, காதருகே பிடித்து, நகத்தால் சுண்டினார். மணிபோல ஒரு நாதம் நீண்டு போனது. இரண்டு குழலையும் பொருத்திய ஈயம் எங்காவது விட்டிருந்தால் ஓசை செத்துப்போகும் என்று கடைக்காரர் எனக்குச் சொன்னார். பிறகு இவரைப் பார்த்து, முசியே பழைய வேட்டைக்காரர் போலிருக்கிறதே என்று சிரித்தார்.

நானும் தேங்காயைச் சுண்டிப் பார்க்கிறவள். புதிதாகப் பழகியவர்கள் சுண்டும் விதம் எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. இது பழகிய விரல்.

மாலைவரை எடுத்து வைக்கும்படி சொல்லிவிட்டு மெத்ரோ ஏறி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்கு வந்தோம். தேநீர்க் கடையில் மூலை மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

"அந்தச் சுண்டுறதையும் பெர்மியிலை படிப்பிச்சவையோ?"

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "இல்லை," என்றார். "அப்பா."

"அப்பாட்டைத் துவக்கு இருந்ததோ?"

"ஓம். காட்டுப் பண்டி வந்து பயிரை அழிக்கும். லைசென்சோடை வைச்சிருந்தவர். இதேமாதிரி இரட்டைக்குழல். நான் துடைச்சு எண்ணெய் போடுவன். கௌதாரியும் சுட்டிருக்கிறன்."

"அப்ப ஏன் தொடேல்லையெண்டு சொன்னனீங்கள்?"

பக்கத்து மேசையில் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒரு நாள் இயக்கப் பெடியள் வந்து துவக்கைக் கேட்டவங்கள். அப்பா வயலிலை. நான்தான் எடுத்துக் குடுத்தனான். அது பிறகு திரும்பி வரேல்லை. அதாலை என்ன செய்தாங்களோ தெரியாது. உங்கடை ஆக்கள் கேட்டபோது அதுதான் ஞாபகம் வந்தது. இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்த மனிதர் பொய்யின்மேல் படுத்திருந்தார். பிறகு கோபம் போய்ப் பயம் வந்தது. அண்ணனின் நெஞ்சில் இருந்தவை சன்னங்கள், வேட்டைத் துவக்கால் சுட்டிருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை இவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் துவக்குப் பறித்தார்கள், எது எங்கே போனதென்று யாருக்குத் தெரியும் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை.

"வாங்கட்டோ, விடட்டோ? நீர் சொல்லும்."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்லவேண்டி வரும்.

"வாங்குங்கோ," என்றேன். "அந்தப் பழசையே வாங்குங்கோ."

பெரிய பாரம் இறங்கிய முகத்தோடு எழுந்து, கடை பூட்ட முன்னம் போகவேண்டும் என்று அவசரப்பட்டார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவருடைய வயலிலிருந்து எங்கள் சந்திக்கு எவ்வளவு தூரம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.