ஈசன் அங்கிளின் கராஜில் இரட்டைப் பின்னல்

காலை ஆறரைக்குக் கறகறவென்று ரோலர் டோர் மேலே ஏறும் சத்தம்... கூடவே பவுடர் வாசம். செவன் ஹில்ஸில் எங்கள் தெருவுக்கு விடிவது அப்படித்தான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தத் தெருவில் யாரும் கராஜில் கார் விட்டதில்லை. மூலை வீட்டுக் கராஜில் ஒரு அன்ரி சாரி பிளவுஸ் தைப்பார். அடுத்ததில் தோசை மாவு விற்பார்கள். எதிரே மோல்ட்டா நாட்டுக் கிழவர் ஒருவர் புல் வெட்டும் மெஷின்களைப் பிரித்துப் போட்டுவிட்டு, போகிற வருகிற எல்லோரையும் திட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஈசன் அங்கிள். முடி வெட்டுபவர். ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவர், படகில் இந்த நாட்டுக்கு வந்து தடுப்பு முகாமில் இருந்தபோதுதான் கத்தரி பிடிக்கப் பழகினாராம். மனைவியும் ஐந்து வயது மகளும் வவுனியாவில். அவருக்கோ தற்காலிக விசா... அவர்களைக் கூப்பிட வழியில்லை.

எனக்கும் அப்போது ஐந்து வயது. அம்மா விடியுமுன்னே பாண் ரொட்டி ஃபாக்டரிக்குப் போய்விடுவார். அப்பா கட்டிவிடும் தலையோடு ஸ்கூலுக்குப் போனால் மானம் கப்பலேறிவிடும். கடைசியில் அப்பாவே என்னை அங்கிளிடம் கூட்டிப் போனார்.

"எனக்கு ஆம்பிளையளின்ர தலைதான் தெரியும் அண்ணை" என்று முழித்தார் அங்கிள். பிறகு மனைவிக்கு போன் போட்டார்.

ஸ்பீக்கரில் அன்ரியின் குரல்... "முதல்ல நேரா வகிடு எடுங்கோப்பா. மூண்டாப் பிரியுங்கோ." நான் 'ஆ' என்று கத்தினேன். "ஐயோ, இழுக்காதேங்கோ, பிள்ளைக்கு நோகும்!"

அன்று ஒரு பின்னல் காதடியில், மற்றது பிடரியில். டீச்சரே சிரித்துவிட்டார்.

அங்கிள் விடவில்லை. "நாளைக்கும் வா பிள்ளை. என்ர மகள் வரேக்க நான் வடிவாப் பின்னவேணும்."

ஒவ்வொரு காலையும் போனேன். கதிரையில் இரண்டு குஷன் போட்டு உட்கார்ந்தவள், குஷனே இல்லாமல் உட்காரும் அளவுக்கு வளர்ந்தேன். பின்னலும் அழகாக வந்தது. விசா மட்டும் வரவில்லை.

ஹைஸ்கூல் தொடங்கிய அன்று வாசலில் நின்றபடியே சொன்னேன்: "ஐ கேன் டூ இட் மைசெல்ஃப், அங்கிள்."

சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "ஓம்... வளந்திட்டாய் என்ன. அப்ப என்ர மகளும் இனித் தானே பின்னுவாள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

பிறகு நிரந்தர விசா வந்தது. அன்ரியும் மகளும் வந்தார்கள். மகள் அங்கிளின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். நார்த்மீட்டில் வீடும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் தெருவில் இப்போது வரிசையாக டவுன்ஹவுஸ். ரிமோட்டை அமத்தினால் கதவு சத்தமில்லாமல் திறக்கும், கார் உள்ளே போகும், மூடிவிடும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. என்ன தெருவோ!

போன கிழமை பிளாக்டவுன் மரக்கறிக் கடையில் அங்கிளையும் மகளையும் கண்டேன். மகள் இப்போது நர்ஸ்.

"அப்பா தலை பின்னிவிட்ட பிள்ளை நீங்கள்தானே?" என்று அவள் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் அவள் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை... அந்தக் காலைகள் எல்லாம் அவளுடையவை. ஏழு வருஷம் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன்.