ஊசி நோட்டு

போன வாரம் என் மகள் போனில் ஆர்டர் போட்டு ஒரு பனியன் வாங்கினாள். கவரைக் கிழித்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. புதுத்துணி வாசனை என்பார்கள். என்னைக் கேட்டால் அது மெஷின் எண்ணெயும் சாயமும் அயர்ன் ஆவியும் கலந்த நாற்றம். ஆறு வருடம் அதைத்தான் மூச்சாக இழுத்தேன். கழுத்துப் பட்டையைத் திருப்பினேன். மேட் இன் பங்களாதேஷ். பிறகு தையல் ஓரமாக விரலை ஓட்டினேன்.

"என்னம்மா தேடற?"

"ஊசி முனை."

சிரித்தாள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். என் விரல் இன்னும் அந்த வேலையை விடவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ரோட்டோரமாகத் தகரக் கூரை போட்ட கம்பெனி அது. வெட்டிய துணி திருப்பூரிலிருந்து லாரியில் வரும். தைத்து அனுப்பினால் கப்பலேறி வெளிநாட்டுக் கடைக்குப் போகும். எல்லாம் குழந்தைகள் உடுப்பு. அந்த ஆர்டர் எங்களுக்குக் கிடைத்த அன்று முதலாளி ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். வேறு எந்த நாட்டிலோ ஒரு கம்பெனியில் விலை கட்டவில்லை என்று பிடுங்கி எங்களுக்குக் கொடுத்த ஆர்டர். அங்கே எத்தனை பொம்பளைகள் டிபன் பாக்ஸோடு வீட்டுக்குத் திரும்பினார்களோ. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. இரண்டு லட்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

தைப்பவர்கள் எண்பது பேர். எனக்குத் தையல் வராது. பத்தாவது படித்திருந்ததால் ஊசி நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். கம்பெனியில் ஓர் ஊசி உடைந்தால் சும்மா புது ஊசி தரமாட்டார்கள். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு என்னிடம் வர வேண்டும். நான் அவற்றை நோட்டில் முழு ஊசி மாதிரி சேர்த்து வைத்து, டேப் ஒட்டி, பக்கத்தில் மெஷின் நம்பரும் பெயரும் எழுதுவேன். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டுத் துணி மொத்தமும் கழிவு. வெளிநாட்டுக் குழந்தைக்கு ஊசி குத்திவிடக் கூடாது. நியாயந்தான். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஷமீம் என்று ஒருத்தி, நாற்பத்தொன்றாம் மெஷின். அவள் அப்பாவுக்குக் கடைத்தெருவில் பாய் வியாபாரம். கையும் வேகம், வாயும் வேகம். ஊசி உடைந்தால் துண்டுகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வருவாள். நான் டேப் ஒட்டும்வரை தலை குனிந்து நிற்பாள்.

"அக்கா, அடக்கம் பண்ணியாச்சுங்களா? நான் போவட்டுமா?"

இப்போது என் புத்திசாலித்தனத்தைச் சொல்கிறேன். சில சமயம் முனை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதற்காக மழுங்கிப்போன ஊசிகளை உடைத்து, முனைகளை ஒரு தைல டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். துணியை மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்ப்போம். சத்தம் வராவிட்டால் டப்பாவிலிருந்து ஒரு முனையை எடுத்து ஒட்டி நோட்டை முடித்துவிடுவேன். சூப்பர்வைசருக்கும் இது தெரியும். என்னை வேலை தெரிந்தவள் என்று மெச்சினார். நானும் பூரித்துப்போனேன்.

ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்த வேகத்தில் ஷமீமின் ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசி இறங்கி உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது. முனை இல்லை. சூப்பர்வைசர் ஓடிவந்தார். விரலைப் பார்க்கவில்லை. லைனை நிறுத்தி, தரையில் காந்தம் ஓட்டி, துணிக் கட்டை டிடெக்டரில் விட்டார். சத்தமே இல்லை.

"துணி சுத்தம்" என்றார்.

ஷமீம் வேஸ்ட் துணியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "உள்ளதாங்க இருக்குது. குத்துதுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா. மஞ்சள் வெச்சுக் கட்டு. கண்டெய்னர் நிக்குது." என் பக்கம் திரும்பினார். "நீ நோட்ட முடி."

விரலுக்குள் முனை என்றால் விபத்து என்று எழுத வேண்டும். வெளிநாட்டுக்காரன் கேள்வி கேட்பான். நான் டப்பாவைத் திறந்தேன். முனையை ஒட்டினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடக்கம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பத்து நாளில் விரல் சீழ் பிடித்துக் கறுத்தது. தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் இரண்டு கணு வரை எடுத்துவிட்டார்கள். எக்ஸ்ரே படத்தில் முனை தெரிந்ததாம். அவள் அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு அந்தப் படத்தோடு ஆபீசுக்கு வந்து நஷ்டஈடு கேட்டார். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு நோட்டை எடுத்து வரச் சொன்னார். பக்கத்தைப் பிரித்து அவள் அப்பாவின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"பாருங்க பாய். ஊசி முழுசா இங்க இருக்குது. உங்க வூட்ல மெஷின் வெச்சிருக்கீங்க இல்ல? அங்க குத்தியிருக்கும்."

ஒட்டியிருந்தது ஷமீமின் ஊசி முனையே அல்ல. அவள் மெஷினுக்கு மெல்லிய ஊசி. நான் அவசரத்தில் ஒட்டியது இரண்டு நம்பர் தடித்தது. வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும். அங்கே அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஷமீம் என்னையே பார்த்தாள். நான் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். எனக்கு வேலை வேண்டும்.

அந்த வேலையும் அதற்குப் பிறகு எட்டு மாதம்தான் நீடித்தது. ஓர் உருப்படிக்குச் சில பைசா குறைவாக பங்களாதேஷில் தைக்கிறார்கள் என்று ஆர்டர் அங்கே போய்விட்டது. ஒருவரும் எங்களைத் திட்டவில்லை, தையல் சரியில்லை என்றும் சொல்லவில்லை. மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள். அன்றுதான் எனக்குத் தைரியம் வந்தது. அந்தத் தடித்த முனையே சாட்சி என்று நோட்டைத் தேடி ஓடினேன். காகிதமெல்லாம் காலையிலேயே பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாயிற்று என்றார் வாட்ச்மேன்.

வெறுங்கையோடு ஷமீம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நோட்டு இருந்தப்போ நீங்க அங்கதான நின்னீங்க?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இப்போது அந்தத் தகரக் கூரையின் கீழ் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பங்களாதேஷிலும் கூலி ஏறுகிறதாம், ஆர்டர் இன்னொரு நாட்டைப் பார்க்கிறதாம். அங்கேயும் லட்டு கொடுப்பார்கள். நோட்டுப் பிடிக்க ஒருத்தி இருப்பாள்.

போன மாதம் டவுன் பஸ்ஸில் ஷமீம் ஏறினாள். என் சீட்டில்தான் இடம் இருந்தது. அந்தக் கையைப் பைக்கு அடியில் வைத்திருந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

முன்பெல்லாம் அவள் என்னிடம் பேச வாயெடுத்தாலே அக்கா என்றுதான் தொடங்குவாள்.