கிராசிங் வடை

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு இருபது இருக்கும். இடம், எங்கள் பாறசாலை ரயில் நிலையம். சுடச்சுட நான்கு பருப்பு வடைகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாயைப் பிளந்து நிற்க, என் பையை மட்டும் ஏற்றிக்கொண்டு ரயில் திருவனந்தபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள். அந்தப் பைக்குள்தான் என் மகளின் வேலை இருந்தது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். திருவனந்தபுரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. பல வருடங்களாக ஒரே பாசஞ்சர் வண்டியில், ஒரே பெண்கள் பெட்டியில், ஒரே ஜன்னலோரத்தில்தான் பயணம். எங்கள் பாதை அப்போது ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்து கடந்து போகும்வரை எங்கள் வண்டி பாறசாலையில் கிடக்க வேண்டும். அதற்குக் கிராசிங் என்று பெயர். பத்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம்கூட ஆகும். மற்றவர்கள் அதைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் அதை வடை தின்னும் நேரமாக மாற்றி வைத்திருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான் ஒருத்தி. நெய்யாற்றின்கரையில் இறங்கும் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி. பாலராமபுரத்தில் ஏறும், கைத்தறிச் சேலைக் கடையில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி. பாறசாலை நிலையத்துக்கு வெளியே ஒரு பெண் வடை போடுவாள். வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மாவை எண்ணெயில் போடுவாள். கிராசிங் இருக்கும் தைரியம் அவளுக்கும் இருந்தது. எங்களில் ஒருத்தி பையை உள்ளே கொடுத்து இடம் பிடித்துவிட்டு, இறங்கிப் போய் வடை வாங்கி வருவாள். ஒருநாள் நான், ஒருநாள் டீச்சர். டீச்சர் தன் பங்கை நெய்யாற்றின்கரைக்குள் முடித்துவிடுவாள். மற்றதை நானும் பாலராமபுரத்துத் தோழியும் தின்போம்.

பழைய வண்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் கிளம்பும். எஞ்சின் ஒரு இழுப்பு இழுக்கும், பெட்டிக்குப் பெட்டி கடகடவென்று இடிக்கும், அப்புறம் குழந்தை தவழ்வதுபோல் தவழும். வடைப் பொட்டலத்தோடு சாவகாசமாக நடந்து வந்து ஏறலாம். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. அப்போது அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை பாசஞ்சருக்குப் பதிலாக மெமு என்ற புது மின்சார வண்டி வந்தது. தனி எஞ்சின் கிடையாது. பளபளவென்று இருந்தது. மெத்தை வைத்த இருக்கை, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ளேயே நடந்து போக வழி, அடுத்த நிலையத்தின் பெயர் எழுத்தாக ஓடும் பலகை. கல்யாண வீட்டுக்குள் நுழைவதுபோல் எல்லோரும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். கிளம்பும் நேரமும் மாறியிருந்தது, கிராசிங்கும் வேறு நிலையத்துக்குப் போய்விட்டது. ஒரு வாரமாக நிலையத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்களாம். மற்றவர்களுக்குக் கண்ணாடி மாட்டி எழுத்து படிக்க வைக்கிறவள் நான். அந்த அறிவிப்பை நான் படிக்கவில்லை.

என் மகள் திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கியிருந்தாள். அரசு மருத்துவமனைப் பரிசோதனைக்கூட வேலைக்கு அன்று அவளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது, அதனால் அதுதான் கடைசி வாய்ப்பு. பெயர் கூப்பிடும்போது அசல் சான்றிதழ் கையில் இல்லையென்றால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பிறப்பிடச் சான்றிதழ் எங்கள் வில்லேஜ் ஆபீசில் சனிக்கிழமை சாயங்காலம்தான் கிடைத்தது. "நான் கொண்டுட்டு வாறேன், நீ நேரா ஆபீசுக்குப் போயிரு" என்று மகளிடம் பெரிய மனுஷிபோல் சொல்லியிருந்தேன். எல்லா அசலும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், அந்த உறை என் பைக்குள், சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில். செல்போனும் அதற்குள்தான்.

அன்று வடை என் முறை. பையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, சின்ன பர்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வடை எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. ஹார்ன் சத்தம் கேட்டது. எதிர் வண்டி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வடைக்காரி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "எக்கா, உங்களுக்க வண்டியில்லியா போவுது?"

"கிராசிங் உண்டு பிள்ள. நீ வடைய எடு."

அவள் எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு மறுபடியும் சொன்னாள், "போவுதாக்கும் எக்கா!" திரும்பிப் பார்த்தேன். இழுப்பும் இல்லை, இடியும் இல்லை. பாம்பு நழுவுவதுபோல் நழுவி, நான் வாசலைத் தாண்டி ஓடி வருவதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது. டீச்சர் ஒரு ஜன்னலில் கையை ஆட்டிக் கத்தியது மட்டும் தெரிந்தது.

ஐயோ என்று தலையில் கை வைத்தேன். கையில் வடைப் பொட்டலம், அது தலையையும் சேர்த்துச் சுட்டது. டீச்சரின் நம்பர் மனப்பாடம் இல்லை. பெற்ற மகளின் நம்பரும் மனப்பாடம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையதுதான். வடைக்காரியின் போனை வாங்கி என் பைக்கே போன் போட்டேன். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. அடுத்தவர் பையைத் திறக்க டீச்சருக்குத் தயக்கம். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

"எக்கா, பை எனக்க மடியில உண்டு. நீங்க எங்க நிக்கிய?"

விஷயத்தைச் சொன்னதும் அவளும் பதறிவிட்டாள். அவளுக்கு அன்று பொதுப் பரீட்சை டியூட்டி, வினாத்தாள் கட்டைப் பிரிக்கும்போது அவள் அங்கே இருந்தாக வேண்டும். இருந்தும் "நான் திருவனந்தபுரம் வரைக்கும் போறேன் எக்கா" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் வேலைக்கு ஆபத்து வந்துவிடும். பாலராமபுரத்துத் தோழியோ அந்த வாரம் முழுக்க ஒரு கல்யாணத்துக்காக விடுப்பு. புது வண்டியில் எல்லோரும் பெட்டி மாறி ஏறியிருந்ததால் மற்ற எல்லாம் புது முகங்கள்.

வண்டி நெய்யாற்றின்கரையில் நுழைந்துகொண்டிருந்தது. டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "எக்கா, குடைக்காரி பிளாட்பாரத்துல நிக்கா. குடுக்கட்டா?"



குடைக்காரி என்பது நாங்கள் வைத்த பெயர். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பு, நெய்யாற்றின்கரையில் ஏறிய அந்த அம்மாள் எங்கள் எதிரே காலியாக இருந்த இடத்தில் உட்காரப் போனார். கைக்குட்டை போட்டு நாங்கள் தோழிக்காகப் பிடித்து வைத்திருந்த இடம். ஆள் உண்டு என்றேன். ஆள் எங்கே என்றார். பாலராமபுரத்தில் ஏறும் என்றேன். "ரயிலு உனக்க வீட்டு முற்றமா?" என்று கேட்டுக் குடையை அந்த இடத்தில் வைத்தார். எனக்குக் கோபம் மூக்கின் நுனியில். குடையை எடுத்துக் கீழே எறிந்தேன். அதன் கம்பி ஒன்று படக்கென்று ஒடிந்தது. அவர் குனிந்து எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம்வரை நின்றுகொண்டே வந்தார். முழங்காலில் ஆபரேஷன் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றே தோன்றியது. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளி நான்கு வருடம் ஓடிவிட்டது. ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே போய் வந்தோம்.

"எக்கா, வண்டி இப்ப எடுத்திருவான். சொல்லுங்க!" என்று டீச்சர் அழாத குறையாகக் கேட்டாள்.

"குடு மக்கா" என்றேன். வேறு யார் இருக்கிறார்கள்? சண்டைக்காரியானாலும் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

அடுத்த ரயிலுக்கு வெகுநேரம் இருந்தது. பஸ் ஏறினேன். உதியன்குளங்கரையில் ஒரு ஊர்வலம், நெய்யாற்றின்கரையில் நெரிசல், பாலராமபுரம் சந்திப்பில் பஸ் அசையவே மாட்டேன் என்றது. மணி கேட்டு மணி கேட்டுப் பக்கத்தில் இருந்தவரை ஒரு வழியாக்கிவிட்டேன். குடையை எறிந்த என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் பையை ஸ்டேஷனில் எங்காவது வைத்துவிட்டுப் போனால்? வேண்டுமென்றே போனை எடுக்காவிட்டால்? அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நல்ல பதில் வரவில்லை.

சரிபார்ப்பு நடந்த அலுவலகத்துக்குள் நான் ஓடி நுழைந்தபோது மணி பதினொன்று ஆகப்போகும் நேரம். வராந்தா பெஞ்சில் குடைக்காரி உட்கார்ந்திருந்தார். மடியில் என் பை. பக்கத்தில் அவர் குடை, ஒடிந்த கம்பி கறுப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்தது.

"மோளு உள்ள போயிருக்கு. பயப்படாண்டாம், எல்லாம் நேரத்துக்குக் கிட்டிச்சு. இரி" என்றார்.

நடந்தது இதுதான். வண்டிக்குள் இருக்கும்போதே என் மகள் எனக்குப் போன் செய்திருக்கிறாள். இவர் எடுத்து விஷயத்தைச் சொல்லி, "நீ வரிசைய விட்டு வராத மக்கா, நான் அங்க வாறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து நேராக அங்கே வந்திருக்கிறார். பிறப்பிடச் சான்றிதழுக்கு நகல் இல்லை என்று உள்ளே சொன்னதும், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்து போய் நகல் எடுத்து வந்து கொடுத்திருக்கிறார். தன் வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டார். வந்த காரியம் முடிந்ததே, போகலாம் அல்லவா? போகவில்லை. பையை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் மகளும் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் காரியம் நல்லபடியாக முடிந்தது தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எக்கா, அன்னைக்கு நான் குடைய எறிஞ்சது தப்பாக்கும். எப்பவோ சொல்லியிருக்கணும்."

அவர் கையை உருவிக்கொண்டு என் இன்னொரு கையைக் காட்டினார். வடைப் பொட்டலம் இன்னும் அதில்தான் இருந்தது. காகிதம் எண்ணெயில் ஊறி, பஸ் நெரிசலில் நசுங்கி.

"குடைக்க காரியம் அங்க கிடக்கட்டு. வடைக்க காரியம் சொல்லு. நாலு வருஷமா எனக்க மூக்குக்கு நேர வச்சுத் தின்னியளே, ஒரு நாளெங்கிலும் ஒண்ணு வேணுமான்னு கேட்டியளா?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். ஆறிப்போன அந்த வடையில் இரண்டை அவர் நிதானமாகத் தின்றார். "உப்பு கொஞ்சம் கம்மியாக்கும். இதுக்காகவா பிள்ளைக்க சர்ட்டிபிகேட்ட ரயில்ல விட்டே?" என்று கேட்டார்.

மகளுக்கு அந்த வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அவளே ஒரு நல்ல குடை வாங்கிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் கையில் எப்போதும் நூல் கட்டிய பழைய குடைதான். கேட்டால், புதுசு மழையில் நனைந்து கெட்டுப்போகும் என்பார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் நான்கு பேராகப் பயணம் செய்தோம். போன வருடம் அவர் ஓய்வுபெற்றார். இப்போது நெய்யாற்றின்கரையில் வண்டி நிற்கும்போது என் கண் தானாகப் பிளாட்பாரத்தில் ஒரு குடையைத் தேடுகிறது.

மெமு நல்ல வண்டிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரத்துக்கு வருகிறது, நேரத்துக்குப் போகிறது. ஆனாலும் பழைய வண்டி எனக்கு நினைவில் வந்துகொண்டேதான் இருக்கிறது. டீச்சர் மடியில் வைத்துத் திருத்தும் விடைத்தாள்கள், அவசரத்தில் வீட்டில் முடியாத தலையை அங்கே உட்கார்ந்து பின்னும் பெண்கள், எதிர் வண்டி கடக்கும்போது ஒரு நொடி நம்மைப் பார்த்துவிட்டுப் போகும் முன்பின் தெரியாத முகங்கள். அந்தக் கால் மணி நேரச் சும்மா இருத்தல் இனி யாருக்கும் கிடைக்காது. ஏக்கமாகத்தான் இருக்கிறது. அதே வண்டியில் ஒரு அம்மாளை நான்கு வருடம் பார்த்தும் பார்க்காமல் இருந்தோம் என்பதும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறது.

இப்போது கிராசிங் கிடையாது, அதனால் நான் பத்து நிமிடம் முன்னாலேயே போய் வடை வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறேன். கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். வடையை மட்டும் எப்போதும் ஒன்று கூடுதலாக வாங்குகிறேன். ஏன் என்று வடைக்காரி கேட்டால் "ஆள் உண்டு" என்கிறேன், அது நெய்யாற்றின்கரையில் யார் ஏறினாலும் சரிதான்.